வளைவில் ஒலி எழுப்பவும்

வீரராகவன் ஹாரன் அடித்தார். கார் பள்ளத்தில் விழுந்தது.

விழுந்தது என்றால் சும்மா விழவில்லை. முதலில் ஒரு பாறையில் மோதியது. பிறகு ஒரு மரம். பிறகு அந்த மரத்துக்குத் தம்பி போல இருந்த இன்னொரு மரம். நான்கு சக்கரங்களும் நான்கு திசையில் உருண்டு போயின. "தாடாவ்! தாடாவ்!" என்று ஒரு பெண்குரல் வங்காளியில் நிற்கச் சொல்லி அலறி ஓய்ந்தது. எல்லாம் முடிந்த பிறகும் வைப்பர் மட்டும் கடமை தவறாமல் ஆடிக்கொண்டிருந்தது.

நல்லவேளை, அவ்வளவும் டிவிக்குள்தான் நடந்தது. கெட்டவேளை, அந்தக் கார் அவருடையது இல்லை.

புதன்கிழமை காலைதான் மனைவி தமயந்தி தன் அக்கா பெண்ணின் சீமந்தத்துக்காக ஜாம்ஷெட்பூர் கிளம்பினாள். கிளம்பும்போது வாசலில் நின்று ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"ஏன்னா, நான் ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்துடுவேன். அன்னிக்கு சாயியும் ஹாஸ்டல்லேர்ந்து வரான். சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபைனல்ஸ் இருக்கு. டிவிக்குக் கீழ இருக்கற அந்தப் பெட்டியை மட்டும் தொட்டுடாதீங்கோ."

"நான் ஏன் தொடப் போறேன்? வேலை வெட்டி இல்லாதவா தொடற வஸ்து அது."

வேலை வெட்டி உள்ளவரான வீரராகவன் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். மாற்றலாகிக் கொல்கத்தா வந்து இரண்டு வருஷம் ஆகிறது. காளிகாட்டில் ஒரு சந்தில் மாடி வீடு. மகன் சாய் கிருஷ்ணா துர்காபூரில் பொறியியல் படிக்கப் போய்ப் பதினாலு மாசம் ஆகிறது. அவன் விட்டுப் போன வீடியோ கேம் பெட்டிதான் அது.

அன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தார். வெளியே மழை. உள்ளே தனிமை. தொடாதே என்று சொன்ன பொருளைத் தொடாமல் மனுஷன் எவ்வளவு நேரம் இருப்பான்? ஆறேகாலுக்குத் தொட்டுவிட்டார்.

'ராலி ரவுடி 2' என்று திரையில் வந்தது. காட்டு வழியில், சேற்றில், மலையில் காரை விரட்டும் பந்தயம். இதன் முதல் பாகத்தை சாயி ஆடும்போது அவர் பார்த்திருக்கிறார். அதில் கார் எதன் மேல் மோதினாலும் பந்து மாதிரித் துள்ளி வரும். பள்ளத்தில் விழுந்தால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், காலம் பின்னால் போய்க் கார் மறுபடி ரோட்டுக்கு வந்துவிடும். "வாழ்க்கையில இந்தப் பட்டன் கிடையாதுடா" என்று அப்போதே மகனுக்கு உபதேசம் செய்திருக்கிறார். இரண்டாம் பாகத்தைச் செய்தவர்கள் அதைக் கேட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. பொத்தானைப் பிடுங்கிவிட்டார்கள்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் பாகம் அபாரம். மழைத்துளி கண்ணாடியில் விழுந்து காற்றில் ஓரமாக ஓடியது. சேறு கொஞ்சம் கொஞ்சமாகக் கதவில் அப்பியது. வண்டிக்கு அடியில் கூழாங்கல் தெறிக்கும் சத்தம் கேட்டது, கன்ட்ரோலர் கையில் அதிர்ந்தது. எரிச்சலும் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு ரோடும் திரைக்கு வருவதற்குள் குக்கர் மூன்று விசில் அடித்துவிடும். டயர் மாற்றக்கூட இன்டர்நெட் கேட்டது. எழுத்தெல்லாம் மூக்குக் கண்ணாடியின் எந்தப் பாதியிலும் அகப்படாத பொடி எழுத்து.

ராலியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, அடுத்து என்ன வளைவு வருகிறது என்று நோட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டே வருவாராம். இதில் அந்தக் குரல் வங்காளியில் பேசியது; 'சொந்தப் பதிவு' என்று ஓரத்தில் இருந்த பொடி எழுத்து அவருக்கு அகப்படவில்லை. 'கொல்கத்தாவுல விக்கறதால வங்காளிக் குரல் வெச்சிருக்கான், பலே!' என்று வீரராகவன் மெச்சிக்கொண்டார். எங்கோ கேட்ட குரலாகவும் இருந்தது. காளிகாட் மார்க்கெட்டில் மீன் பேரம் பேசும் எல்லாப் பெண்மணிகளுக்கும் அதே குரல்தான் என்பதால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வண்டியை எடுக்கும் முன்னால் சாதனைப் பக்கத்தைப் பார்த்தார். அணியின் பெயர்: காளிகாட் எக்ஸ்பிரஸ். ஓடிய பந்தயங்கள்: நாற்பத்திரண்டு. வண்டியில் விழுந்த கீறல்கள்: பூஜ்யம்.

வீரராகவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவரும் இருபத்தெட்டு வருஷமாகக் கார் ஓட்டுகிறார், ஒரு கீறல் கிடையாது. அந்த வீட்டில் அவர் மட்டும்தான் ஓட்டுவார். தமயந்தியிடமும் லைசென்ஸ் இருக்கிறது. கொல்கத்தா வந்த புதிதில் ஒரு நாள் கரியாஹாட் வரை ஓட்டிக்கொண்டு போனவள் திரும்பி வரும்போது கேட் தூணில் லேசாக உரசிவிட்டாள். அன்றோடு சாவி அவர் சட்டைப் பைக்குப் போனது. பிறகு வெளியே வரவில்லை.

"பிள்ளைன்னா இவன் பிள்ளை. அப்படியே என்னை உரிச்சு வெச்சிருக்கான்" என்று சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

மலைப்பாதையில் முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. வளைவில் ஒலி எழுப்ப வேண்டும் என்பது சாலை விதி. அவர் விதி தவறாதவர். ஹாரன் எங்கே என்று தேடினார். சிவப்பாக ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினார்.

அது ஹேண்ட் பிரேக்.

'வாகனம் முழுச் சேதம். ஞாயிறு இறுதிப் போட்டிக்கான தகுதி நிறுத்திவைக்கப்படுகிறது' என்று திரையில் ஆங்கிலத்தில் வந்தபோது வீரராகவன் சோபா நுனிக்கு வந்துவிட்டார். ஏற்கெனவே மகன் அவரிடம் பேசுவது "ம்", "சரிப்பா" என்ற இரண்டே வார்த்தைகள்தான். இது தெரிந்தால் அந்த இரண்டும் போய்விடும். அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

உடனே ஆபீஸ் ஜூனியர் சந்தீப்புக்கு போன் போட்டார். மதுரைப் பையன், இந்த விஷயமெல்லாம் தெரிந்தவன்.

"சந்தீப், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்... அவர் பையனோட ராலி ரவுடியில காரைப் பள்ளத்துல விட்டுட்டாராம். என்ன பண்ணலாம்?"

"ரொம்ப ஈஸி சார். கேம் சேவ் ஆகறதுக்குள்ள பிளக்கைப் பிடுங்கிரச் சொல்லுங்க. பழைய இடத்துக்கே போயிரும்."

சந்தீப் வாக்கியத்தை முடிக்கும் முன்பே பிளக் வீரராகவன் கையில் இருந்தது. மறுபடி சொருகினார். மூன்று விசில் நேரம் காத்திருந்தார். புதிதாக ஒரு அறிவிப்பு வந்தது: 'விபத்து நடந்த இடத்தை விட்டு ஓடிய குற்றத்துக்காக இருநூறு புள்ளிகள் குறைக்கப்படுகின்றன.'

"சந்தீப்! ஓடிப்போயிட்டேன்னு போட்டிருக்கான்யா!"

"சார், அது ரெண்டாம் பாகமா? அதுல எல்லாமே இன்டர்நெட்ல சேவ் ஆகும் சார். நான் சொன்னது முதல் பாகத்துக்கு. ஆமா, நீங்கதான் ஓடிப்போனீங்களா?"

வீரராகவன் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் வியாழக்கிழமை காலை படியிறங்கும்போது கீழ்வீட்டு மாஷிமா மடக்கினாள். வீட்டுக்காரியான பிரியம்வதாவை அந்தச் சந்தே 'மாஷிமா', அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடும். அறுபத்தெட்டு வயது. பூகோள டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள். கணவருக்கு ரயில்வேயில் வேலை என்பதால் பன்னிரண்டு வருஷம் பெரம்பூரில் குடியிருந்து, காய்கறிக்காரர்களிடம் தமிழ் படித்தவள்.

"இன்னா வீரா, நேத்து மேல ஒரே சத்தம்? இன்னா உடஞ்சிச்சு?"

"ஒண்ணுமில்லை மாஷிமா. குக்கர்."

"அய்யய்யோ! ஆமா, தமயந்தி ஞாயித்துக்கெயமை கரீட்டா வந்துடுவா இல்ல?"

"வந்துடுவா, வந்துடுவா" என்று பதினைந்து படிகளையும் ஆறாகக் குறைத்து இறங்கி ஓடினார்.

ஆபீஸில் உட்கார்ந்ததும் அவருக்குத் தெளிவு வந்தது. முப்பது வருஷ சர்வீஸில் எந்தச் சிக்கலையும் அவர் பிளக்கைப் பிடுங்கித் தீர்த்ததில்லை. மனு எழுதித்தான் தீர்த்திருக்கிறார். அந்த கேம் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு ஒரு கடிதம் தட்டினார். 'பொருள்: மேற்படி வாகனம் மேற்படி பள்ளத்தில் விழுந்தது தொடர்பாக' என்று தொடங்கி, ஒன்பது பத்தியில் எல்லாவற்றையும் விளக்கினார். மறைத்தால் மெமோ, ஒத்துக்கொண்டால் மன்னிப்பு என்பது அவருடைய அனுபவம். அதனால் ஏழாவது பத்தியில், 'விபத்தின்போது வாகனத்தைச் செலுத்தியவர் உரிமையாளர் அல்லர். கீழே கையொப்பமிட்டுள்ள நானே என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று எழுதினார். பணிவுடன் என்பதற்கு அடிக்கோடு போட்டார்.

நாலே நிமிஷத்தில் பதில் வந்தது. அவருடைய ஆபீஸில் நாலு மாசம் ஆகியிருக்கும். அந்த வேகத்தை வியந்துகொண்டே படித்தார்.

'தங்கள் நேர்மைக்கு நன்றி. உரிமையாளரைத் தவிர வேறு யாரும் போட்டி வாகனத்தை ஓட்டக் கூடாது என்பது விதி. எனவே இந்த அக்கவுண்ட் பூட்டப்படுகிறது. உரிமையாளர் தம் அடையாளத்தை நிரூபித்தால் மேற்கொண்டு பரிசீலிப்போம்.'

நேற்று வரை கார்தான் போயிருந்தது. இன்று அக்கவுண்டே போய்விட்டது.

"உண்மையைச் சொன்னா பூட்டறான்யா!" என்று வாய்விட்டே கத்திவிட்டார். பக்கத்து மேஜைக்காரர் அனுதாபமாகத் தலையாட்டினார். ஆடிட் ஆட்சேபம் என்று நினைத்திருப்பார்.

வீட்டில் எல்லாருடைய ஆவணங்களும் அவருடைய போனில் ஒரு கோப்பில் தயாராக இருக்கும். சாயியின் ஆதார் கார்டை எடுத்து அனுப்பினார். இந்தத் தடவை மூன்று நிமிஷம்.

'தாங்கள் அனுப்பிய ஆவணத்திலுள்ள பெயர், அக்கவுண்டில் பதிவான பெயருடன் பொருந்தவில்லை. பதிவான பெயரைத் தெரிவிக்க எங்கள் விதிகளில் இடமில்லை.'

இதற்கு வீரராகவன் ஆச்சரியப்படவே இல்லை. இனிஷியல்!

ஊரை விட்டு வடக்கே வந்த எந்தத் தமிழனுக்கும் இது தெரியும். பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் பையன் 'வீ. சாய் கிருஷ்ணா'. ஆதாரில் 'சாய் கிருஷ்ணா வீ.' பாஸ்போர்ட்டில் 'சாய் கிருஷ்ணா வீரராகவன்'. ஒரு தடவை ஆஸ்பத்திரியில் நர்ஸ் "மிஸ்டர் வீரராகவன்" என்று கூப்பிட்டபோது அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து எழுந்து நின்றார்கள். ஊசி அப்பாவுக்குத்தான் விழுந்தது. தலையெழுத்தோடுகூடப் போராடிவிடலாம், இனிஷியலோடு போராட முடியாது. அதற்கு இருக்கும் ஒரே மருந்து அஃபிடவிட்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு அலிப்பூர் கோர்ட்டுக்குப் போனார். வாசலில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்த ஒருவரும், அவருக்குப் பக்கத்தில் நாற்காலியில் நோட்டரி வக்கீலும் இருந்தார்கள். வக்கீல் இந்தியில் விசாரித்தார்.

"சொத்துத் தகராறா?"

"இல்லை."

"விவாகரத்தா?"

"ஐயையோ, இல்லை. கார்."

"ஆக்சிடென்ட்! யாருக்காவது அடியா?"

"யாருக்கும் அடி இல்லை. கார் டிவிக்குள்ள இருந்தது."

டைப் அடிப்பவரின் விரல்கள் நின்றுவிட்டன. வக்கீல் அசரவில்லை. அலிப்பூரில் அவர் பார்க்காத வழக்கா? முழுக் கதையையும் கேட்டுக்கொண்டு, மளமளவென்று சொல்ல ஆரம்பித்தார். 'வீ. சாய் கிருஷ்ணா, சாய் கிருஷ்ணா வீ., சாய் கிருஷ்ணா வீரராகவன் ஆகிய மூவரும் ஒருவரே என்றும், அந்த ஒருவரே இந்த அக்கவுண்டின் உண்மையான உரிமையாளர் என்றும், அவருடைய தகப்பனாராகிய நான் சத்தியப்பிரமாணம் செய்கிறேன்.'

"பையன் கையெழுத்துப் போட வரலையா?"

"அவன் படிக்கிற பிள்ளை. தொந்தரவு பண்ண வேண்டாம்."

"சரி. இன்னும் ஒரு வரி சேர்க்கலாம். வேறு யாராவது இந்த அக்கவுண்டைப் பயன்படுத்தியிருந்தால் அவர் அத்துமீறி நுழைந்தவர், அவர் மேல் கடுமையான நடவடிக்கை எடுக்கணும்னு."

"அப்படி யாரும் இல்லையே."

"இல்லாவிட்டால் என்ன? எல்லா அஃபிடவிட்டிலும் போடுவதுதான். போட்டால் கனமாக இருக்கும்."

காகிதம் கனமாக இருக்க வேண்டும் என்பதில் வீரராகவனுக்கு எப்போதும் நம்பிக்கை உண்டு. தலையாட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு முத்திரை விழுந்தது. அங்கேயே நின்று போட்டோ எடுத்து அனுப்பினார்.

நாலு நிமிஷம் ஆயிற்று, நாற்பது நிமிஷம் ஆயிற்று, பதில் இல்லை. சனிக்கிழமையும் வரவில்லை. பெருமாளைத் தவிர யாரையும் கும்பிடாத வீரராகவன் அன்று காளி கோவில் வரிசையில் செம்பருத்தி மாலையோடு நின்றார். அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "மேற்படி விஷயத்தைக் கவனிச்சுக்கோ தாயே" என்று மட்டும் வேண்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹௌராவில் தமயந்தி வந்து இறங்கினாள். முகம் பளிச்சென்று இருந்தது. காரில் ஏறியதும் கைப்பையிலிருந்து தைலத்தை எடுத்து இரண்டு கட்டைவிரலிலும் தேய்த்துக்கொண்டாள்.

"என்ன, சீமந்தத்துல உன்னையே முறுக்கு சுத்தச் சொல்லிட்டாளா?"

"ம்" என்றாள். ஒரு திருப்பத்தில் வண்டி குலுங்கியது. "ஏன்னா, பிரேக்கை வளைவுக்கு முன்னாடியே போட்டுடணும். வளைவுல போட்டா வண்டி இழுக்கும்."

"கேட் தூண்ல உரசினவா எனக்குப் பாடம் எடுக்கறா!"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேறு சமயமாக இருந்தால் அவர் இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருப்பார். இன்று அவர் மனசு போனிலேயே இருந்தது.

மூன்று மணிக்கு சாயி வந்தான். நேரே சமையலறைக்குப் போய், "அம்மா, ரெடியா?" என்றான். "ரெடிடா" என்று பதில் வந்தது. சாப்பாடு என்று நினைத்து வீரராகவன் போய் இலை முன் உட்கார்ந்தார். நிஜமாகவே சாப்பாடும் ரெடியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் ரசத்தில் மோரை ஊற்றிக்கொண்டார்.

ஐந்தரைக்கு சாயி டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்தான்.

"அப்பா, பெட்டியோட பவர் வயரைக் காணோமே?"

"எலி கடிச்சிருக்கும்" என்றார் வீரராகவன். வயர் அவருடைய ஆபீஸ் பைக்குள் பத்திரமாக இருந்தது.

"முழு வயரையுமா?"

ஐந்தே முக்காலுக்குப் போன் மணி அடித்தது. கம்பெனியின் பதில். வீரராகவன் அவசரமாகத் திறந்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். அவருடைய முகத்தில் பயம் போய் அதிர்ச்சி வந்தது. அதிர்ச்சி போய் ஒரு வெற்றிக் களை வந்தது.

"சாயி! இங்க வாடா! திருடனைப் பிடிச்சுட்டேன்!"

"யாரைப்பா?"

"முதல்ல என்னை மன்னிச்சுடு. புதன்கிழமை உன் கேமைத் தொட்டேன். காரைப் பள்ளத்துல விட்டேன். பிளக்கைப் பிடுங்கினேன். அக்கவுண்டைப் பூட்டிட்டா. ஆனா விட்டேனா நான்? அலிப்பூர் கோர்ட்டுக்குப் போய் அஃபிடவிட் போட்டேன். அதனால என்ன வெளியில வந்திருக்கு பாரு! பதினாலு மாசமா, நீ ஹாஸ்டல் போன நாள்லேர்ந்து, உன் அக்கவுண்டை வேற யாரோ ஓட்டிண்டு இருந்திருக்கா!"

சாயியின் முகத்தில் ரத்தமே இல்லை. "அப்பா... நீங்க என்ன பண்ணினீங்க?"

"நான் பண்ணலை, கம்பெனி பண்ணிட்டான். கேளு. 'தங்கள் சத்தியப்பிரமாணத்தின் பேரில், அத்துமீறிய அந்த நபரை நிரந்தரமாக நீக்கிவிட்டோம். அவருடைய பந்தயங்கள் அனைத்தும் அழிக்கப்பட்டன. அக்கவுண்ட் திரு. சாய் கிருஷ்ணா பெயருக்கு மாற்றப்பட்டு, முதல் கட்டத்திலிருந்து தொடங்கும்.' என்ன, நீ முதல்லேர்ந்து ஆடணும், அவ்வளவுதானே? திருடன் ஒழிஞ்சானா இல்லையா?"

"அப்பா, போதும். ப்ளீஸ்."

"ஒண்ணு சொல்றேன், அந்தப் படுபாவி யாரோ, அவனுக்கு ஓட்டத் தெரிஞ்சிருக்கு. அதை நான் ஒத்துக்கறேன். நான்கூட அப்படி ஓட்டினது கிடையாது. வெறும் திருட்டுப் பயலா இல்லாம இருந்தா நானே என் கார் சாவியை எடுத்து அவன் கையில கொடுத்துடுவேன்!"

சமையலறை வாசலில் ஏதோ விழுந்து உருண்டது. காபி டம்ளர். தமயந்தி அதை எடுக்கக் குனியவில்லை. அசையாமல் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு பார்வையை வீரராகவன் பார்த்ததில்லை.

"என்னடி, ஏன் பேய் அறைஞ்ச மாதிரி நிக்கற?"

அப்போது வாசல் கதவு தடாரென்று திறந்தது. கழுத்தில் ஹெட்போனும் கையில் தடி நோட்டுமாகப் பிரியம்வதா மாஷிமா மூச்சிரைக்க உள்ளே வந்தாள். நேரே சோபாவுக்குப் போய் உட்கார்ந்தாள், நோட்டைப் பிரித்தாள், பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"இன்னா தமயந்தி, மூஞ்சி ஏன் இப்டி கீது? நாப்பத்திரண்டு ரேஸ்ல ஒரு கீறல் போடாத டிரைவர் நீ, இன்னிக்கு இன்னா பயம்? வந்து குந்து, வயக்கம் போல நான் வளைவு படிக்கறேன், நீ ஓட்டு!"